கார்த்திகைக்குள் எடுக்க வேண்டிய கூறை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நான் எழுத ஒத்துக்கொண்ட கதை இல்லை. ஒரு சஞ்சிகைக்காரர் தொலைபேசியில் கேட்டது வேறு. வருடக் கடைசி இதழாம். குளிர்காலத்தில் ஒரு பெரிய நகரத்துக்குப் போய், நாலு இடம் பார்த்து, நாலு கடை ஏறி இறங்கி வருவதுபோல இலேசாக ஏதாவது வேண்டுமாம். வாசிக்கிற சனத்துக்கு மனம் பாரமாகக் கூடாது என்றார்.

நான் மட்டக்களப்பில் இருப்பவன். எங்களுக்குக் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. மாரி இருக்கிறது. மாரியில் வாவி கரை மீறி ரோட்டுக்கு வரும். வயல் வட்டைக்குப் போனவன் முழங்கால் வரை சேற்றோடு திரும்புவான். இதை அவரிடம் சொல்லிப் பயனில்லை என்று நினைத்து, சரி, எழுதுகிறேன் என்றேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியின் நிலை அன்றிலிருந்து எனக்கு.

ஒப்புக்கொண்ட பிறகுதான் அந்த இரண்டு பெண்களும் நினைவுக்கு வந்தார்கள். போன கார்த்திகையில் கொழும்புக்குப் போகும் ரயிலில் என் எதிர் இருக்கையில் இருந்தார்கள். ஒருத்தி யன்னலோரம் இருந்து, வெளியே தெரிந்த மாடு, குளம், புகையிரதக் கடவை எல்லாவற்றையும் மற்றவளுக்குக் காட்டிக்கொண்டே வந்தாள். மற்றவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கூறை, தை மாதம் என்ற சொற்கள் என் காதில் விழுந்தன. நான் பொலன்னறுவையில் இறங்கிவிட்டேன். ஆகவே இனி வருவது அத்தனையும் என் கைச்சரக்கு.

2

தொடக்கங்கள்.

கொழும்பின் கடற்காற்று கேதீஸ்வரியின் கன்னத்தை மெல்ல வருடிய—

(வேண்டாம். பழுகாமத்தில் வேளாண்மை செய்கிற வீட்டு மனுசி, ஐம்பது தாண்டியவள். அவள் கன்னத்தில் காற்றுக்கு என்ன வேலை?)

நகரம் என்பது ஒரு—

(ஒரு என்ன? எனக்கும் தெரியாது.)

சித்தாண்டி அன்னப்பூரணிக்குக் கொழும்பு பார்க்க ஆசை. பழுகாமத்துக் கேதீஸ்வரிக்கு வந்த காரியம் முடிந்தால் வீடு போய்ச் சேர ஆசை.

இது இருக்கட்டும்.

இருவரும் சம்பந்திகள். அன்னப்பூரணியின் ஒரே மகன் தனோஜனுக்கும் கேதீஸ்வரியின் மகள் கம்சாயினிக்கும் தையில் கலியாணம். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பது பெண் வீட்டாரின் பொறுப்பு. கேதீஸ்வரியின் புருசன் நல்லரத்தினம் கட்டிக்கொண்டிருக்கிறார், ஓடு போட்டாயிற்று. தாலி கட்டும்போது பெண் உடுக்கிற கூறைச் சேலையை எடுப்பது மாப்பிள்ளை வீட்டாரின் பொறுப்பு. மார்கழி பிறந்துவிட்டால் நல்ல காரியம் எதற்கும் கை வைக்க மாட்டார்கள். அதனால் கூறையைக் கார்த்திகைக்குள் எடுத்தாக வேண்டும். சாத்திரியார் கார்த்திகையின் கடைசி இரண்டு நாளிலும் காலையில் நல்ல நேரம் குறித்துக் கொடுத்திருந்தார்.

மட்டக்களப்பில் சேலைக் கடைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அன்னப்பூரணி தன் வாழ்நாளில் கொழும்பைக் கண்டதில்லை. கூறை அவளுக்கு ஒரு நல்ல சாட்டாக அமைந்தது. அங்கே வெள்ளவத்தையில் அவளுடைய தங்கச்சி வீடு இருந்தது. சம்பந்தியையும் கூட்டிக்கொண்டு போக அவள் சொன்ன காரணத்தைக் கேதீஸ்வரியால் மறுக்க முடியவில்லை. "புள்ளட நிறமும் உங்கட நிறமும் ஒண்டுதானே மச்சாள். உங்கட தோளில போட்டுப் பாத்தாப் போதும்."

3

போய்ச் சேர்ந்த அன்று பின்னேரம், தங்கச்சி வீட்டு மாடியில் துணி காய்கிற இடத்தில் நின்று கேதீஸ்வரி மகளின் அழைப்பை எடுத்தாள். கம்சாயினி பிரதேச செயலகத்தில் வேலை பார்க்கிறவள். வழவழ என்று பேசுகிற பழக்கம் இல்லை.

"அம்மா, எனக்கு இந்தக் கலியாணம் ஏலாது. கூறை எடுக்கிறத்துக்கு முதல் சொல்லணும் எண்டுதான்—"

"வந்து பறைவம் புள்ள," என்று கேதீஸ்வரி அழைப்பை வெட்டிவிட்டாள். உள்ளேயிருந்து அன்னப்பூரணி தேத்தண்ணியோடு வந்துகொண்டிருந்தாள்.

கூறை எடுக்கும் முன் ஒரு கலியாணம் குழம்பினால், பொருத்தம் சரிவரவில்லை என்ற ஒரு சொல்லோடு போய்விடும். எடுத்த பிறகு குழம்பினால் அப்படியில்லை. ஒருத்திக்கென்று எடுத்த சேலையை இன்னொருத்திக்கு உடுத்த முடியாது. அது பெட்டிக்குள் கிடந்து இரண்டு வீட்டையும் பேச்சுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். ஆண்பிள்ளைக்கு வேறு இடத்தில் பெண் கேட்டாலும் அந்தச் சேலையைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள்.

கேதீஸ்வரிக்கு அன்று நித்திரை இல்லை. யாருடைய வீட்டில் படுத்திருக்கிறோமோ, யாருடைய கையால் சாப்பிட்டோமோ, அவர்களிடமே எப்படி வாய் திறப்பது? திறந்தால் மகள் சொன்னதை உறுதி செய்ததாகிவிடும், திறக்காவிட்டால் நாளைக்குச் சேலை வந்துவிடும். விடியும்போது அவளுக்கு ஒரு வழி தோன்றியது. எப்படியாவது கார்த்திகை கழிந்துவிட்டால் போதும். மார்கழி முழுக்கத் தவணை கிடைக்கும். பிள்ளையோடு பேசலாம். பேசியும் அவள் மாறாவிட்டால் தகப்பனோடு பேசலாம்.

காலையில் அன்னப்பூரணி குளித்து, புதுச்சேலை உடுத்து, கடைக்குப் புறப்பட்டு நின்றாள். எந்த இடத்தையும் பார்க்க வேண்டும் என்று இதுவரை வாய் திறக்காத கேதீஸ்வரி, "மச்சாள், இஞ்ச மிருகக்காட்சிச்சாலை ஒண்டு இரிக்காமே, அதப் பாத்திட்டுப் போவமா?" என்றாள்.

அன்னப்பூரணியின் முகம் மலர்ந்த மலர்ச்சியை எழுத எனக்கு விருப்பம்தான். எழுதினால் கேதீஸ்வரிக்கு இன்னும் வலிக்கும். விட்டுவிடுகிறேன்.

4

தெகிவளை மிருகக்காட்சிச்சாலைக்கு யானை பார்க்கப் போன முதல் மட்டக்களப்பார் இவர்களாகத்தான் இருக்கும். ஊரில் யானை வட்டைக்குள் இறங்கினால் வெடி கொளுத்தித் துரத்துவார்கள். இங்கே காசு கொடுத்து வரிசையில் நின்று பார்த்தார்கள். அன்னப்பூரணி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கேதீஸ்வரி குரங்குக் கூட்டின் முன்னால் குரங்குகளுக்கே அலுக்கும் மட்டும் நின்றாள்.

அதற்குப் பிறகு தாமரைக் கோபுரம். அங்கே வரிசை நீளம். வரிசையில் நிற்கும்போதே அன்றைய நல்ல நேரம் கடந்துவிட்டது. அன்னப்பூரணி மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, நாளைக்கும் நேரம் இருக்கிறதுதானே என்று தன்னையே ஆறுதல்படுத்திக்கொண்டாள். கோபுரத்தின் உச்சியில் நின்று சித்தாண்டி எந்தப் பக்கம் என்று தேடினாள். பக்கத்தில் நின்ற யாரோ காட்டிய திசையைப் பார்த்து, ஊர் முருகனை நினைத்துக் கும்பிட்டாள்.

பின்னேரம் புறக்கோட்டை. வாழ்க்கையில் விலை பேசி அறியாத கேதீஸ்வரி அன்று ஒவ்வொரு கடையிலும் பேரம் பேசினாள். துவாய்க்குப் பேசினாள், குடைக்குப் பேசினாள், மூடி போட்ட பிளாஸ்ரிக் வாளிக்குப் பேசினாள். வாளியைக் கொழும்பிலிருந்து ரயிலில் கொண்டுபோகிற விசரி யார் என்று கடைக்காரர் நினைத்திருப்பார். இனி வேறு கடைக்குப் போக முடியாது என்று இருட்டிய பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

காலிமுகத்திடலில் இறால் வடை வாங்கிக்கொண்டு இருவரும் கடலைப் பார்த்து உட்கார்ந்தார்கள். நம்மட வாவி இறாலுக்குக் கிட்டவும் வராது என்று அன்னப்பூரணி குறை சொன்னாள். குறை சொல்லிக்கொண்டே இன்னொன்றையும் எடுத்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"கலியாணம் முடிஞ்சா மகன் உங்கட வளவுக்கு வந்திருவான். நான் வீட்டில தனியதான். எண்டாலும் எனக்குக் கவலையில்ல மச்சாள். ஒரு மகள் கிடைக்கிறாதானே. அவள நினைச்சா எனக்குச் சந்தோசமா இரிக்கு."

கேதீஸ்வரிக்கு அழுகை வந்தது. இந்த மனுசியை அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. பிடித்துப்போன ஒருத்தியைக் காலையிலிருந்து ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன் என்ற வெட்கமும் சேர்ந்துகொண்டது. கண்ணில் கடற்காற்று பட்டுவிட்டது என்றாள்.

(பாருங்கள், கடைசியில் அந்தக் காற்றுக்கும் ஒரு வேலை கிடைத்துவிட்டது.)

5

இந்த இடத்தில் கதை என்னிடம் ஒரு கேள்வி கேட்டு மறித்துக்கொண்டது. கம்சாயினி ஏன் மாட்டேன் என்கிறாள்?

ஒரு பிரதியில் அவளுடைய அலுவலகத்தில் ஒருவனை உட்கார வைத்தேன். அவன் வந்ததும் கதை அவனுடையதாகிவிட்டது, எழுப்பி அனுப்பினேன். இன்னொரு பிரதியில் தனோஜனுக்குக் குடிப்பழக்கம் கொடுத்தேன். பாவம், அவன் நல்ல பிள்ளை, அவன் மேல் அபாண்டம் சுமத்த மனம் வரவில்லை. மூன்றாவதில் கேதீஸ்வரியும் தன் காலத்தில் விருப்பமில்லாமல் கழுத்தை நீட்டியவள் என்று ஒரு பக்கம் எழுதினேன். பழைய படம் பார்த்ததுபோல இருந்தது.

ஏறாவூரில் படிப்பிக்கிற ஸஹீதாதான் என் கதைகளை முதலில் வாசிப்பவர். நட்புக்காகப் பொய் சொல்லத் தெரியாதவர். மிருகக்காட்சிச்சாலை நன்றாக இருக்கிறது என்றார். கோபுரம் கொஞ்சம் நீளம் என்றார். நான் காரணத்தைப் பற்றிய என் கஷ்டத்தைச் சொன்னேன். அவர் தாள்களை மேசையில் வைத்தார்.

"ரெண்டு தாய்மாரும் ஊரச் சுத்துறாங்க. நீங்களும் கூடச் சேந்து சுத்துறீங்க. அந்தப் புள்ளைக்கு நீங்க குடுத்தது ஒண்டரை வசனம். அதையும் முடிக்க விடல்ல. மறுகா காரணம் தெரியல்ல எண்டா எப்பிடித் தெரியும்?"

எனக்குச் சுருக்கென்றது. கேதீஸ்வரி சேலைக் கடையைத் தள்ளிப்போட யானை பார்த்தாள். நான் யானையை எழுதி எதைத் தள்ளிப்போட்டேன் என்று அப்போதுதான் விளங்கியது. அழைப்பை வெட்டியது கேதீஸ்வரியின் விரல் என்று எழுதிவிட்டேன். எழுதியது என் விரல்தானே.

6

கார்த்திகையின் கடைசி நாள். கேதீஸ்வரி வயிற்று வலி என்று சொல்லிப் பார்த்தாள். அன்னப்பூரணி இஞ்சித் தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, அது குடித்து முடியும் வரை பக்கத்திலேயே இருந்தாள். பிறகு ஓட்டோ பிடித்தாள்.

கடையில் வெள்ளைத்துணி விரித்த மேடைக்கு முன்னால் இருவரையும் இருத்தினார்கள். விற்பனையாளர் ஒவ்வொரு சேலையாக விரித்துக்கொண்டு போனார். அன்னப்பூரணி பலதைத் தள்ளினாள். கடைசியில் ஒரு அரக்குச் சிவப்பில் வைத்த கையை எடுக்காமல் இருந்தாள். அதைக் கேதீஸ்வரியின் தோளில் போட்டார்கள். கண்ணாடிக்குள் கேதீஸ்வரி கூறையோடு நின்றாள். சேலை அவ்வளவு வடிவு, அதுதான் கொடுமை.

இந்த இடத்துக்கு நான் எழுதிப் பார்த்த முடிவுகளையும் காட்டிவிடுகிறேன்.

அ. கேதீஸ்வரி உண்மையைச் சொல்கிறாள். அன்னப்பூரணி சேலையைத் தன் கையாலேயே மடித்துக் கொடுத்துவிட்டு, வாங்க மச்சாள் போவம், என்கிறாள். (எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. அதனால்தான் நம்பவில்லை. ஒரே மகனின் தாய் இவ்வளவு சுலபமாக மடித்துக் கொடுப்பாளா?)

ஆ. கேதீஸ்வரி ஒன்றும் சொல்லவில்லை. தையில் மேளம் கேட்கிற—

(இதற்கு மேல் கை போகவில்லை.)

இ. தனோஜனுக்கும் விருப்பமில்லையாம், அன்னப்பூரணிக்கு அது முன்னமே தெரியுமாம். இருவரும் கட்டிப் பிடித்துச் சிரித்துவிட்டு ஐஸ்கிறீம் குடிக்கப் போகிறார்கள். (சஞ்சிகைக்காரருக்கு இது பிடிக்கும். யாருக்கும் நோகவில்லை, யாரும் யாரையும் எதையும் கேட்கவும் தேவையில்லை.)

7

மூன்றையும் கிழித்துவிட்டு, அன்னப்பூரணியை அந்த மேடைக்கு முன்னால் சும்மா இருக்க விட்டேன். அவள் என்ன செய்கிறாள் பார்ப்போம் என்றிருந்தேன். அவள் சேலையின் கரையைத் தடவிக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்.

"எதுக்கும் புள்ளயிட்ட ஒருக்காக் கேப்பம் மச்சாள். உடுக்கப்போறது அவள்தானே. போனில முகம் தெரியிற மாதிரி எடுங்க."

வீடு கட்டினோம், நாள் பார்த்தோம், ரயில் ஏறினோம், நான் ஆறு பகுதி எழுதினேன். பிள்ளையைக் கேட்போம் என்று முதலில் சொன்னது மாப்பிள்ளையின் தாய்.

கேதீஸ்வரியால் இதையும் தட்டிக் கழிக்க முடியும். சார்ஜ் இல்லை என்று சொல்லலாம். பிள்ளை வேலையில் இருக்கிறாள் என்று சொல்லலாம். நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. மார்கழி அவளுக்காகக் கடை வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தது. அவள் கைப்பையைத் திறந்து போனை எடுத்தாள். மகளின் பெயரைத் தொட்டாள். மணி போகத் தொடங்கியதும் அன்னப்பூரணியின் பக்கம் திரும்பினாள்.

"மச்சாள், சேலைய மட்டும் கேக்காதீங்க. கலியாணத்தயும் கேளுங்க. முந்தநாளே சொல்ல வந்தவள், நான்தான் கேக்கல்ல. அவள் என்ன சொன்னாலும், முடியிற வரைக்கும் நாம ரெண்டு பேரும் கேப்பம்."

அன்னப்பூரணியின் கை சேலையில் நின்றுவிட்டது. அவளுக்குப் பாதி விளங்கியது. மீதி விளங்கிவிடக் கூடாது என்பதுபோல அவள் கேதீஸ்வரியின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் இப்போது கடற்காற்று என்று எந்தச் சாட்டும் சொல்லவில்லை.

அழைப்பு எடுக்கப்பட்டது. கம்சாயினி திரையில் வந்தாள். இரண்டு தாய்மாரையும் கண்டாள். தன் தாயின் தோளில் கிடந்த சிவப்பையும் கண்டாள்.

இங்கே அவளுடைய வசனம் வர வேண்டும். அதை நான் எழுதப்போவதில்லை. வாசகரே, கோபிக்கக் கூடாது, உங்களிடமும் தரப்போவதில்லை. நீங்கள் இரக்கமுள்ளவர், ஏதாவது நல்லதாகத்தான் எழுதுவீர்கள், தெரியும். நானும் நல்லதாக எழுதத்தான் பார்த்தேன். நல்லது செய்ய வந்தவர்கள்தான் இந்தக் கதை முழுக்க நிறைந்திருக்கிறோம்.

அவள் பேசத் தொடங்கிவிட்டாள். கடைக்குள் சத்தம். முகம் பார்த்துப் பேசிப் பழக்கமில்லாத அன்னப்பூரணி, போனை இரண்டு கையாலும் வாங்கி, ஒரு சொல்லும் தவறக் கூடாது என்று காதோடு சேர்த்து வைத்துக்கொள்கிறாள். பழுகாமத்தில் கம்சாயினியின் திரையில் இப்போது தெரிவது, தோடு போட்ட ஒரு காது மட்டும்தான்.