பினாங்குக் கோழியும் கண்டி வாழைக்குலையும்

கிருபாபுரத்துக்காரர்கள் எதற்கெடுத்தாலும் கர்த்தருக்கு நன்றி சொல்லிவிடுவார்கள். காய்ச்சல் விட்டதா, ஒரு பூசணிக்காய். மாடு கன்று போட்டதா, ஒரு சொம்பு சீம்பால். மாமியார் ஊருக்குப் போனதற்காக ஒருத்தி ஒரு மரக்கால் பயறு கொண்டுவந்தாள் என்றும் சொல்வார்கள். மாமியார் சுகமாகப் போய்ச் சேர்ந்ததற்காக என்று அவள் சாதித்துவிட்டாள்.

முறை என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை காலையில் காணிக்கைப் பொருளைக் கோவில்பிள்ளை இஸ்ரவேலிடம் கொடுத்துவிட்டு, இன்னதற்காக என்று அவர் காதில் சொல்ல வேண்டும். கோவில்பிள்ளை என்றால் மணியடித்து, பாய் விரித்து, விளக்கேற்றி, கோவிலைக் கவனித்துக்கொள்கிற ஆள். அவர் அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேஜையில் வைப்பார். பிரசங்கம் முடிந்ததும் தானியேல் ஐயர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு சீட்டாக உரக்க வாசிப்பார். பாதிரியாரை அந்தப் பக்கம் ஐயர் என்றுதான் சொல்வார்கள். ஆராதனைக்குப் பிறகு பொருள்களெல்லாம் வெளியே பூவரச மரத்தடியில் ஏலத்துக்குப் போகும்.

சபையில் வாசித்தது வாசித்ததுதான். அதை மாற்ற யாருக்கும் தைரியம் வராது. போன வருஷம் மேலத்தெருக்காரர் ஒருவர், தன் எருமையை விற்றுத் தந்ததற்காக என்று ஒரு தேங்காய் கொடுத்துவிட்டார். உண்மையில் எருமை விற்கவில்லை. வாங்குவதா வேண்டாமா என்று ஆறு மாதமாக இழுத்தடித்துக்கொண்டிருந்த ஆள் நாலாம் பாயில்தான் உட்கார்ந்திருந்தான். சீட்டு வாசிக்கப்பட்ட அன்று மத்தியானமே வந்து எருமையை ஓட்டிக்கொண்டு போனான். கர்த்தரையே சாட்சியாக வைத்த பிறகு அவனால் வேறென்ன செய்ய முடியும்.

அன்றைக்குப் பெண்கள் பக்கத்தில் எல்லோரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சாலோமியும் சிரித்தாள். ஆனால் அவள் வீட்டுக்குப் போய் யோசிக்கவும் செய்தாள். யோசிக்கிற பெண் ஆபத்தானவள் என்று அவளுடைய புருஷன் நேசையாவுக்கு யாரும் சொல்லிவைக்கவில்லை.

டில்லியில் ஐந்தாம் ஜார்ஜுக்கு முடிசூட்டு விழா நடக்கப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த வருஷம் அது. நேசையா பாளையங்கோட்டையில் ஒரு கருப்பட்டி மண்டியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தான். மண்டி முதலாளி கடையைத் தூத்துக்குடிக்கு மாற்றி, கணக்கைத் தன் மைத்துனன் கையில் கொடுத்துவிட்டார். நேசையா வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் கையில் ஒரே வாரத்தில் இரண்டு கடிதங்கள் வந்து விழுந்தன.

ஒன்று இலங்கையிலிருந்து. அவனுடைய பெரியப்பா மகன் அப்பாத்துரை கண்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். இரண்டாம் கணக்கப்பிள்ளை வேலை காலியாகிறது, உடனே புறப்பட்டு வா என்று எழுதியிருந்தார். இன்னொன்று பினாங்கிலிருந்து. பாளையங்கோட்டையில் பெண்பிள்ளைகள் விடுதியில் சாலோமியோடு ஒரே பாயில் படுத்துப் படித்த யூனிஸ் எழுதியது. அங்கே தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, உபாத்தினி இல்லாமல் திண்டாடுகிறார்கள், நீ வந்தால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொள்வார்கள், உன் வீட்டுக்காரருக்கும் ஏதாவது ஒரு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தது.

சாலோமி அந்தக் கடிதத்தை எத்தனை முறை படித்தாள் என்று கேட்கக் கூடாது. உபாத்தினிப் பரீட்சை தேறி இரண்டு வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்தவள் அவள். கரும்பலகைக்கு முன்னால் நின்றால் நாற்பது பிள்ளைகளும் மூச்சு விடாமல் பார்ப்பார்கள். கல்யாணமாகிக் கிருபாபுரத்துக்கு வந்ததோடு அது நின்றுபோயிற்று. கிருபாபுரத்தில் இருந்தது ஒரே பள்ளிக்கூடம், அதற்கு ஒரே வாத்தியார், அவருக்கோ நல்ல ஆயுசு. மூன்று வருஷமாக அவள் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டேதான் அம்மியில் அரைத்தாள்.

தோட்டத்துக்குப் போனால் அதுவும் முடிந்தது. கணக்கப்பிள்ளை சம்சாரம் வீட்டை விட்டு வெளியே வந்தாலே மரியாதைக் குறைவு என்று அப்பாத்துரை பெண்சாதி போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது பெருமையாகச் சொன்னாள். அதைக் கேட்ட அன்றிலிருந்தே சாலோமிக்குக் கண்டி என்ற சொல்லே கசந்தது.

ஆனால் இதையெல்லாம் அவள் நேசையாவிடம் சொன்னாளா? இல்லை. அரிசியைப் பற்றிச் சொன்னாள்.

"பினாங்குல நல்ல அரிசி கெடைக்குதாம். கண்டியில புழுங்கல் பூராவும் கல்லுன்னு சொல்லுதாவ."

"அரிசிக்காகவா ஒருத்தன் எட்டு நாள் கப்பல்ல போவான்? தூத்துக்குடியில சாயந்தரம் ஏறுனா காலையில கொழும்பு. அடுத்த வீட்டுக்குப் போற மாதிரி." இது நேசையா.

"மலையில அட்ட கடிக்குமாமே."

"பினாங்குல மட்டும் கொசு முத்தமா குடுக்கு?"

ஒரு மாதம் இதே அரைத்த மாவுதான். ஆற்றில் குளித்துவிட்டு வரும்போது அட்டை. சோறு போடும்போது அரிசி. படுக்கப் போகும்போது கப்பல். பினாங்குக்காரர்களுக்குப் பதில் எழுத வேண்டிய நாளும் நெருங்கியது. இரண்டு பேரும் வீம்புக்காரர்கள். இரண்டு பேரும் உள்ளே இருப்பதை மட்டும் வெளியே விடவில்லை. இதைத்தான் குடும்பம் நடத்துவது என்று ஊரில் சொல்கிறார்கள்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சாலோமி கூடையைத் தூக்கி நல்ல கொழுத்த பெட்டைக் கோழி ஒன்றைப் பிடித்துக் காலைக் கட்டினாள். எருமை போன வழியில் பினாங்கும் போகட்டும் என்று தீர்மானித்துவிட்டாள். மறுநாள் முதல் மணி அடிக்கும் முன்பே கோவில்பிள்ளையிடம் போய்க் கோழியைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னாள்.

இஸ்ரவேல் எழுதவில்லை. பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு அவளையே பார்த்தார். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் மூச்சு விடாத மனிதர் அவர். ஐயர் வாசிக்கும்வரை அது அவர் வயிற்றுக்குள்தான் இருக்கும்.

"நல்லா யோசிச்சுத்தானம்மா சொல்லுதிய?"

"யோசிச்சுத்தான் சொல்லுதேன்."

"வீட்டுக்காரருட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வாரியளா?"

"எழுதுங்க அண்ணாச்சி."

அவர் பெருமூச்சு விட்டு எழுதினார். அந்தப் பெருமூச்சுக்கு அர்த்தம் என்ன என்று அப்போதே கேட்டிருக்கலாம். அவசரத்தில் அவளுக்குத் தோன்றவில்லை.

பிரசங்கம் அன்றைக்கு நீண்டுகொண்டே போயிற்று. சாலோமிக்கு ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. ஒருவழியாக ஐயர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சுகப்பிரசவத்துக்கு ஒரு படி எள், கிணற்றில் தண்ணீர் கண்டதற்கு ஐந்து தேங்காய் என்று வாசித்துக்கொண்டே வந்தவர் அடுத்த சீட்டை எடுத்தார்.

"கண்டிச் சீமையில் தோட்டத்து வேலைக்குக் குடும்பமாய்ப் புறப்பட்டுப் போகக் கர்த்தர் வழி திறந்ததற்காக, நேசையாவும் அவர் மனைவியும், ஒரு வாழைக்குலை."

சாலோமி சட்டென்று ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நேசையா நேராக நிமிர்ந்து உட்கார்ந்து, எருமையை விற்றவன் முகத்தோடு இருந்தான். போன வருஷம் அவனும்தான் சிரித்திருக்கிறான், அவனும்தான் வீட்டுக்குப் போய் யோசித்திருக்கிறான். அது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. எழுந்து ஓடிப்போய் மேஜைமேல் இருக்கிற அடுத்த சீட்டைப் பிடுங்கலாமா என்றுகூட நினைத்தாள். அதற்குள் ஐயர் அதை எடுத்துவிட்டார்.

"பினாங்கில் பள்ளிக்கூடத்து உபாத்தினி வேலைக்குக் குடும்பமாய்ப் புறப்பட்டுப் போகக் கர்த்தர் வழி திறந்ததற்காக, நேசையாவின் மனைவி சாலோமி, ஒரு பெட்டைக் கோழி."

 ஐயர் சீட்டை மறுபடி தனக்குள் படித்தார். முந்தின சீட்டையும் தேடி எடுத்துப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். அதற்குள் பெண்கள் பக்கத்தில் ஒரு கிழவிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவ்வளவுதான், பாய்க்குப் பாய் தொற்றிக்கொண்டு பீடம்வரைக்கும் போயிற்று. கோவில்பிள்ளை இஸ்ரவேல் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சிரிப்பு அடங்கியதும் ஐயர் சொன்னார். "ஊர விட்டுப் போறவங்களுக்குச் சாட்சிக் கடிதம் குடுக்கது நான்தான். ஒரு குடும்பத்துக்கு ஒரு கடிதம். அத ரெண்டு சீமைக்கு எழுத எனக்குத் தெரியாது. ஆராதனை முடிஞ்சதும் ரெண்டு பேரும் அறைக்கு வாங்க."

கோவிலுக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்ன அறையில் ஐயர் வருவதற்கு முன்பே இரண்டு பேரும் போய் நின்றார்கள். சன்னலுக்கு வெளியே பூவரச மரத்தடியில் ஏலம் ஆரம்பித்திருந்தது.

"ஊருக்கு முன்னால தலகுனிய வச்சிட்டியே" என்றான் நேசையா. "எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?"

"நீங்க எங்கிட்டச் சொல்லிட்டா குலைய வெட்டுனிய?"

அவன் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"ஒரு மாசமா அரிசி, அட்டன்னு ஒளறுனேன்" என்றாள் சாலோமி. "அது எதுவுமில்ல. எனக்குப் பாடம் சொல்லிக்குடுக்கணும். அது இல்லாம என்னால இருக்க முடியல. சமைக்கேன், பெருக்குதேன், எல்லாம் செய்யுதேன். ஆனா மூணு வருஷமா என்னையப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டுன மாதிரி இருக்கு. தோட்டத்துக்குப் போனா அந்தப் பெட்டி திறக்கவே திறக்காது."

 நேசையா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தான்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா நீங்க பெரிய மனசு பண்ணி விட்டுக்குடுத்த மாதிரி ஆயிரும். நீங்களா கேப்பியன்னு பாத்தேன். சரி, உங்களுக்குக் கண்டி மேல என்ன அப்படி ஆச? உள்ளதச் சொல்லுங்க."

 அவன் சன்னலைப் பார்த்தபடியே சொன்னான்.

"அந்தக் கடிதத்துல உனக்கு உபாத்தினி வேலைன்னு போட்டிருக்கு. எனக்கு, 'ஏதாவது ஒரு வேலை'. நீ அதக் கவனிக்கல. நான் அதமட்டுந்தான் கவனிச்சேன். கண்டியில நான் கணக்கப்பிள்ள. பினாங்குக்குப் போனா நான் யாரு? வாத்தியாரம்மா புருஷன். துறைமுகத்துல நாலு பேரு என்னைய அப்படித்தான் காட்டுவான். அத நெனச்சாலே எனக்குச் சோறு எறங்கல."

சாலோமிக்கு முதலில் கோபம் வந்தது. அடுத்த நிமிஷம் அவன்மேல் பாவமாக இருந்தது. மண்டியை விட்டு வந்த நாளிலிருந்து, மேல்துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு போக ஓர் இடமில்லாமல் அவன் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்ததை அவள் பார்த்திருக்கிறாள். ஆனால் பாவம் பார்த்துக் கண்டிக்குப் போகவும் அவளால் முடியாது. அதையும் சொல்லிவிட்டாள்.

"நான் கண்டிக்கு வந்தாலும் வருவேன். வரமாட்டேன்னு சொல்லல. ஆனா மனசுல உங்கள நித்தம் கோவிச்சுக்கிட்டேதான் இருப்பேன். அது உங்களுக்கே தெரிஞ்சிரும்."

ஐயர் உள்ளே வந்தார். அவருக்குப் பசி. மேஜையில் உட்கார்ந்து காகிதத்தை எடுத்து, மைக்கூட்டைத் திறந்து, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் வழக்கமான முதல் வரியை எழுதினார். எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவது அவர் பழக்கம்.

"'இக்கடிதத்தைக் கொண்டுவருகிற நேசையாவும் அவர் மனைவியும் நம்முடைய சபையில் நற்சாட்சி பெற்றவர்கள்...' ம். எந்த ஊர் சபைக்கு? சீக்கிரம் சொல்லுங்க, வீட்டுல சோறு ஆறுது."

சாலோமி நேசையாவைப் பார்த்தாள். நேசையா காகிதத்தைப் பார்த்தான்.

"பினாங்கு" என்றான்.

ஐயர் பேனாவை மையில் தொட்டு எழுதப்போனார்.

"ஐயா, அந்த மொத வரிய அடிச்சிட்டு மாத்தி எழுதணும்."

"என்னத்துக்கு? நல்லாத்தான இருக்கு."

"'உபாத்தினி சாலோமியும் அவள் புருஷன் நேசையாவும்'னு எழுதுங்க."

ஐயர் பேனாவைக் கீழே வைத்தார். "முப்பது வருஷமாக் கடிதம் எழுதுதேன் நேசையா. யாருக்கும் இப்படி எழுதுனதில்ல."

"எழுதுங்கய்யா. அங்கன எறங்குன பெறகு ஒருத்தன் வாயால கேட்டாத்தான் எனக்குச் சுருக்குன்னு இருக்கும். நானே எழுதிக் கையில கொண்டுபோயிட்டா எவன் என்ன சொல்ல முடியும்?"

ஐயர் பழைய காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதிதாக ஒன்றை எடுத்து, அவன் சொன்னபடியே எழுதி, கையெழுத்துப் போட்டு, சாலோமியின் பக்கம் திருப்பி வைத்தார்.

"வாசிச்சுப் பாருங்க."

அவள் குனிந்து பார்த்தாள். முதல் சொல்லைத் தாண்ட முடியவில்லை. எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. காகிதத்தின்மேல் சொட்டிவிடக் கூடாதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நேசையா அதைக் கையில் எடுத்துச் சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். தொண்டையைச் செருமிக்கொண்டு, அவளும் ஐயரும் கேட்டால் போதும் என்றில்லாமல், பூவரச மரம் வரைக்கும் கேட்கும்படி முதல் வரியை வாசித்தான். ஏலம் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவன் இன்னொரு முறை வாசித்தான்.