வால் இல்லாத துணி

விசிலுக்குத் துணி விஷயத்தில் மட்டும் ஈவு இரக்கமே கிடையாது. அவருடைய நிஜப் பேரைக் கேட்டால் அவர் மனைவியே ஒரு நொடி யோசிப்பாள். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போ போடும் விசில் சத்தத்தைக் காதால் கேட்டே கோளாறு சொல்லிவிடுவார் என்பதால் தெருவே சேர்ந்து வைத்த பேர் அது. காருக்கு டர்போ மாட்டும்போது திறந்து கிடக்கிற ஒவ்வொரு குழாய் வாயையும் துணியால் அடைக்க வேண்டும், நட்டோ தூசியோ உள்ளே போய்விடக் கூடாது. அடைத்த துணிக்கு ஒரு சாண் நீளத்துக்கு வால் வெளியே தொங்க வேண்டும். "வால் தெரியலேன்னா அது துணியில்ல, வெடிகுண்டு" என்பார். வால் விட மறந்தவன் அன்றைக்குக் காதைப் பொத்திக்கொண்டு திரிய வேண்டியதுதான். துணி அவர் வீட்டிலிருந்தே வரும். மனைவி கழித்துப் போட்ட, நீலப் பூப்போட்ட தலையணை உறைகள்.

பல் டாக்டர் ஒருத்தியின் மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார் போன வருஷமே அவர் கையால் டர்போ மாட்டிக்கொண்டது. ருசி கண்ட டாக்டர் இந்த வருஷம் அதைவிடப் பெரியதாகக் கேட்டாள். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுவது விசிலின் வேலை. எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் என்று லேப்டாப்பை வைத்து எஞ்சினுக்குச் சொல்லிக்கொடுப்பது அவர் மைத்துனன் வேலை. மனைவியின் தம்பி. ஒரே ஷெட்டில் ஆறு வருஷமாக இருவரும்.

மூன்றாம் நாள் டாக்டர் போன் செய்தாள். "ஒரு போட்டோ அனுப்புங்களேன், பாக்கணும்போல இருக்கு."

புது டர்போ வெள்ளிப் பாத்திரம்போல் மினுங்கியது. அதன் அடியில், சுற்றி முடித்த ஆயில் கீழே இறங்கிப்போகிற குழாய். அதன் வாயிலிருந்து அழுக்கேறிய பூப்போட்ட வால் தொங்கிக்கொண்டிருந்தது. படத்துக்கு அசிங்கம். விசில் அதை விரலால் உள்ளே தள்ளிவிட்டுப் படம் எடுத்தார். டாக்டர் நாலு இதயம் அனுப்பினாள். மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. ஷெட்டில் இருந்த எல்லோரிடமும் போனை நீட்டிக் காட்டி, டீ குடித்துவிட்டு வந்து, குழாயை டர்போவோடு சேர்த்து போல்ட்டை முறுக்கினார்.

ஓட்டிப் பார்த்த அன்று டாக்டரும் கூடவே உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது கிலோமீட்டரில் டர்போவின் சத்தம் கிறீச்சென்று மாறி, பின்னால் தெருவே தெரியாத அளவுக்கு நீலப் புகை. காரைத் தள்ளிக்கொண்டு ஷெட்டுக்கு வந்ததும் அவள் "என்ன ஆச்சு?" என்று கேட்டு முடிக்கவில்லை, விசிலின் வாய் முந்திக்கொண்டது.

"பூஸ்ட்ட கண்டபடி ஏத்தி வச்சிருக்கான் டாக்டர். இவ்ளோ காத்த தள்ளுனா எந்த டர்போ தாங்கும்?" சொல்லிவிட்டு மைத்துனன் இருந்த பக்கம் கையையும் காட்டினார்.

மைத்துனன் முகத்தில் ஈயாடவில்லை. "அளவாத்தான் மச்சான் வச்சேன்" என்றான். அதற்குமேல் எதிர்த்துப் பேசத் தெரியாத பிள்ளை. இரண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் லேப்டாப்பில் கோடு கோடாக ஓடிய கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். தப்பு எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்காத தப்பு தன் மண்டையில்தான் இருக்கிறது என்று முடிவுகட்டிக்கொண்டான்.

மூன்றாம் நாள் காலை விசில் தனியாக டர்போவைக் கழற்றினார். அடிக் குழாயை உருவியதும் உள்ளே நீலப் பூ தெரிந்தது.

இடுக்கியால் இழுத்தார். ஆயிலில் ஊறி, கருத்து, உருண்டு வந்தது. ஆயில் இறங்க வழியில்லாமல் மேலே தேங்கி, டர்போவுக்குள் வழிந்து, புகையாகப் போயிருக்கிறது. வாசலில் டாக்டரின் குரல் கேட்டது. அவர் துணியைச் சட்டென்று பேன்ட் பாக்கெட்டில் திணித்துக்கொண்டார். ஏன் திணித்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. கை செய்துவிட்டது.

லேப்டாப்பை விட்டு எழுந்த மைத்துனன் அவருக்கு முன்னால் போய் டாக்டரிடம் நின்றான். "என் தப்புதாங்க. மன்னிச்சிடுங்க" என்றான். அவள் விசிலைப் பார்த்தாள்.

விசில் அவன் தோளில் தட்டினார். "விடுங்க டாக்டர். எல்லாருக்கும் நடக்கறதுதான். நா பாத்துக்கறேன்."

மன்னித்தாராம். பாக்கெட்டில் ஆயில் கசிந்து தொடையில் சூடில்லாத ஈரமாக இறங்கிக்கொண்டிருந்தபோது, பெரிய மனுஷர் மன்னித்தார். தோளில் வைத்த கையை எடுக்கவும் கூசியது, வைத்திருக்கவும் கூசியது.

அவள் போனதும் மைத்துனன் லேப்டாப்பை மடக்கி அவரிடம் நீட்டினான். "வேற ஆள பாத்துக்கோங்க மச்சான். இனிமே இத நா தொட மாட்டேன். அடுத்த தடவ யாராவது உள்ள உக்காந்திருக்கும்போது வெடிச்சுதுன்னா?" சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டான்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தார். மனைவி பரிமாறியபடியே, "தம்பி போன் பண்ணுனான். அழுதான்னு நெனக்கிறேன்" என்றாள். பிறகு அவர் பேன்ட்டைப் பார்த்து, "பாக்கெட்ல என்னங்க அவ்ளோ எண்ணெ?" என்றாள். பிசைந்த சோறு கையிலேயே இருந்தது. எழுந்து கையைக் கழுவிக்கொண்டு நேரே மைத்துனன் வீட்டுக்கு நடந்தார்.

போகும் வழியில் வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டார். 'இப்பத்தான் கழட்டுனேன் மாப்ளே, பாரு என்ன கெடந்துச்சுன்னு.' அழகான வாக்கியம். குற்றம் பாதியாகிவிடும்.

மைத்துனன் கதவைத் திறந்தான். விசில் துணியை எடுத்து நீட்டினார். அவன் விரித்துப் பார்த்தான்.

"அக்கா தலகாணி உறை." பூவைக் கட்டைவிரலால் தேய்த்தான். "வால் எங்க?"

"போட்டோவுக்காக நாந்தான் உள்ள தள்ளுனேன். எடுக்க மறந்துட்டேன். உன் கணக்குல ஒரு தப்பும் இல்ல."

அவன் துணியையும் பார்த்தான், அவருடைய கால்சட்டையில் பரவியிருந்த கறையையும் பார்த்தான். "காலைல டாக்டர் வந்தாங்களே. அப்ப இது எங்க இருந்துச்சு?"

தயார் செய்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது.

"பாக்கெட்ல" என்றார்.

அவன் கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை. உள்ளே போய்த் தன் போனை எடுத்துவந்து, டாக்டர் எண்ணைப் போட்டு, சத்தத்தைப் பெரிதாக வைத்து அவர் கையில் கொடுத்தான். "அவங்ககிட்டயும் சொல்லுங்க. பாக்கெட்டையும் சேத்து."

மணி அடித்தது. அவள் எடுத்தாள். "ஹலோ" என்றது விசில்தான் என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன். பாவம், அந்தத் தம்பி முகமே சரியில்ல. அவர ரொம்பத் திட்டிடாதீங்க, என்ன? நீங்க பக்கத்துல இருக்கப்போயி அவருக்கு ஒரு தைரியம்."

மைத்துனன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். விசில் இரண்டு முறை செருமினார்.

"டாக்டர்," என்றார், "திட்டு வாங்க வேண்டிய ஆளுதான் பேசறேன்."