திங்கட்கிழமைத் திராட்சை

கேரட்டை மூன்றாவது வாளியில் முக்கி எடுத்து உதறிக்கொண்டிருந்தபோது மாடிப்படியிலிருந்து நாத்தனார் குரல் கொடுத்தாள்.

"அண்ணி, இன்னொரு தடவை கழுவினீங்கன்னா கேரட்டு வெளுத்துடும். போதும் விடுங்க."

அவள் விடவில்லை. முதல் வாளி சோப்புத் தண்ணீர், இரண்டாவது உப்புத் தண்ணீர், மூன்றாவது நல்ல தண்ணீர். நாலு மாதமாக நடக்கிற காரியம், கை தானாகச் செய்தது. காய்கறிக்காரர் காலையில் பையை வாசல் கதவில் மாட்டி, மணியை ஓர் அழுத்து அழுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போயிருந்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இந்த வீட்டில் தொற்று என்று கதவில்தான் எழுதி ஒட்டியிருக்கிறார்களே.

வீட்டில் இப்போது இரண்டே பேர். கீழே அவள், மாடியில் கணவரின் தங்கை. பதினான்கு நாள் வெளியே போகக் கூடாது, ஒருவர் பக்கத்தில் ஒருவர் வரவும் கூடாது என்று உத்தரவு. அதனால் ஆறாவது படி நாத்தனாருக்கு எல்லை. அங்கே அவள் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அண்ணன் இருக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து வரும் அழைப்பை எடுப்பது அவள் பொறுப்பு. முப்பது வருஷம் தொலைபேசி நிலையத்தில் ஊராருக்கெல்லாம் இணைப்புக் கொடுத்தவள். எப்பேர்ப்பட்ட செய்தியையும் குரல் நடுங்காமல் கேட்டுக்கொள்வாள்.

ஒன்பது நாளாக இப்படித்தான் ஓடியது. அன்று காலை எட்டு மணிக்கு டாக்டர் பேசினார். மூச்சு குறைந்துகொண்டே வருகிறது, பார்க்கலாம் என்றார். முதல் நாளே அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். இரண்டு மூன்று நாள் முன்னால் கூட்டி வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று. எப்போது ஆரம்பித்தது என்றும் கேட்டார். வியாழக்கிழமை, காய்ச்சல் என்று அவள் கீழேயிருந்து பதில் சொன்னாள். தூரத்து ஊரிலிருந்த மகளும் தினம் கூப்பிட்டு அதையே கேட்டாள். சின்ன வயசிலிருந்தே அந்தப் பெண்ணுக்கு எல்லாவற்றுக்கும் தேதி வேண்டும். அவளுக்கும் வியாழக்கிழமை என்றே சொல்லியாயிற்று.

ஆனால் ஆரம்பித்தது வியாழக்கிழமை இல்லை. திங்கட்கிழமை. அது திராட்சை தின்ற நாள்.

அவள் கணவர் ஒரு ஜாம் தொழிற்சாலையில் பழம் ருசி பார்க்கிற வேலையில் இருந்தவர். லாரி வந்து நின்றதும் பெட்டிக்கு ஒன்றாக எடுத்து, நறுக்கி, மூக்கருகே பிடித்து, பிறகு நாக்கில் வைத்துக் கண்ணை மூடுவார். தலையை இப்படி ஆட்டினால் லாரி உள்ளே போகும். அப்படி ஆட்டினால் வந்த வழியே திரும்பும். முதலாளியே சிபாரிசு செய்த பழத்தை, முதலாளியை வைத்துக்கொண்டே, இது ஆகாது என்று சொன்னவர். ருசிக்காரர் என்றால்தான் தபால்காரருக்குக்கூட வீடு தெரியும்.

அவளோ பள்ளிக்கூடத்து வேதியியல் கூடத்தில் உதவியாளர். சோதனைக் குழாய் கழுவிக் கழுவியே ஓய்வு பெற்றவள். பிள்ளைகளுக்கு அவள் லேப்பம்மா. அவருக்கு லேப்பு.

கல்யாணமான புதிதில் தினம் சாயங்காலம் சட்டைப் பையில் காகிதத்தில் மடித்து இரண்டு துண்டு பழம் கொண்டுவருவார். கண்ணை மூடு என்பார். ஒன்று மழைக்கு முன்னால் பறித்தது, ஒன்று மழைக்குப் பின்னால் பறித்தது, எது எது என்று சொல்ல வேண்டும். அவளுக்கு இரண்டும் பழம், அவ்வளவுதான். "நாக்கா அது, செருப்புத் தோலா?" என்று சிரிப்பார். முப்பத்தேழு வருஷத்தில் ஒரே ஒரு முறை குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்லிவிட்டாள். மறுநாள் தொழிற்சாலை முழுக்க அதைச் சொல்லிவிட்டு வந்தார். அவள் அந்தப் பக்கம் போன போதெல்லாம் வாயிற்காவலர், "அம்மாவும் நல்லா ருசி பார்ப்பீங்களாமே" என்று விசாரிப்பார். அவளுக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாது.

ஊரில் தொற்று வந்ததும் வாளிகளும் வந்தன. கண்ணாடிக் குழாயைக் கழுவத் தெரிந்தவளுக்குக் கத்தரிக்காய் எம்மாத்திரம் என்று இறங்கிவிட்டாள். அவருக்குத்தான் ஒவ்வாது. ஆப்பிளைக் கடித்துவிட்டு, "நேத்து எலுமிச்சை சோப்பு. இன்னிக்கு என்ன, மல்லிகையா?" என்பார். ஐந்து முறை அலசினாலும் கண்டுபிடிப்பார். ஒரு நாள் சுகாதாரத் துறை வண்டி தெருவில் ஒலிபெருக்கியோடு போனது. பழம், காய்களை ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும், சோப்பு போட வேண்டாம், அது வயிற்றுக்கு ஆகாது என்று அறிவித்தார்கள். அவர் வேட்டியை இறுக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

"கேட்டியா லேப்பு? உனக்கு ஒருத்திக்காக மைக் போட்டு, டீசல் போட்டுச் சொல்லிட்டுப் போறாங்க."

"அவங்க எத்தனை குழாய் கழுவியிருக்காங்களாம்?" என்று அவள் உள்ளிருந்தே கேட்டாள்.

சோப்பை விடவில்லை. ஒளித்துப் போட்டாள், கூடுதலாக அலசினாள், அவ்வளவுதான்.

அந்தத் திங்கட்கிழமை திராட்சை சோப்புத் தண்ணீரில் கிடந்தபோது குழாய் நின்றுவிட்டது. மேல்தொட்டி காலி. நுரையோடு அள்ளி ஒரு கிண்ணத்தில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு, மோட்டார் போடப் பின்கட்டுக்குப் போனாள். திரும்பி வந்தால் கிண்ணத்தில் காம்பு மட்டும் இருந்தது. அவர் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஐயோ, அலசலைங்க என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் அவர் சொன்னார்: "இன்னிக்குத்தான் லேப்பு ஒழுங்கா கழுவியிருக்கே. நல்லா இருக்கு."

அவள் வாயை மூடிக்கொண்டாள். நாலு மாதமாக மூக்கைச் சுளித்த மகாராஜா சோப்பு நுரையைத் தின்றுவிட்டு நல்லா இருக்கு என்கிறார். ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. சாயங்காலம் படியடியில் நின்று நாத்தனாரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பெரிய ருசிக்காரர்.

சனிக்கிழமை அவரை வண்டியில் ஏற்றும்போது, கவச உடைக்குள்ளிருந்து நர்ஸ் கேட்டாள். "ஐயா, வாசனை தெரியுதா? ருசி தெரியுதா?"

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். "இல்லைம்மா" என்றார். எத்தனை நாளா என்று நர்ஸ் கேட்டதற்குப் பதில் வருமுன் கதவைச் சாத்திவிட்டார்கள். அவள் அந்தக் கதவின் முன்னால் கையில் அவருடைய கண்ணாடிக் கூட்டோடு நின்றாள். திராட்சை அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

அதிலிருந்து ஒரே கேள்விதான் அவளுக்கு. அவர் தெரியாமல் தின்றாரா, இல்லை ருசி போய்விட்டது என்று தெரிந்துகொண்டேதான் நல்லா இருக்கு என்றாரா. கேட்கலாம் என்றால் வாயில் குழாய் வைத்திருக்கிறார்கள்.

பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கைபேசி அடித்தது. நாத்தனார் எடுத்தாள். முதுகை நிமிர்த்திக்கொண்டு, சரிங்க, சரிங்க, எத்தனை மணிக்கு என்றாள். குறித்துக்கொண்டேன் என்றாள். அவள் கையில் பேனாவும் இல்லை, காகிதமும் இல்லை.

"அண்ணி."

அவள் நிமிரவில்லை.

"அண்ணன் போயிட்டாரு. பதினொண்ணு நாப்பதுக்கு."

நாலு தக்காளி மிச்சம் இருந்தன. அவள் அவற்றையும் கழுவினாள். துடைத்து, காம்புப் பக்கம் கீழே வரும்படி வரிசையாகத் துணிமேல் வைத்தாள். பிறகு குழாயை மூடினாள்.

நாத்தனார் சேதியின் மிச்சத்தையும் சொன்னாள். வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார்கள். எல்லாம் அவர்களே முடித்துவிடுவார்களாம். இந்த இரண்டு பேரும் வெளியே போகவும் முடியாது. அவள் படியடியில் வந்து தரையில் உட்கார்ந்தாள். தெருவில் ஒரு சைக்கிள் போனது.

"திங்கக்கிழமையே நான் கண்டுபிடிச்சிருக்கணும்" என்றாள் அவள். "சோப்பைத் தின்னுட்டு ஒரு மனுஷன் நல்லா இருக்குன்னு சொல்றாரு. நான் சிரிச்சேன்."

அவள் அண்ணாந்து பார்த்தாள். நாத்தனார் முகக்கவசத்தை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும் அண்ணி."

"என்ன தெரியும்?"

"நீங்க வந்து சொன்னப்பவே எனக்குத் திக்குன்னு ஆயிடுச்சு. செவ்வாய்க்கிழமை காலையில அண்ணனைக் கேட்டேன். ஞாயித்துக்கிழமையில இருந்தே ஒண்ணும் தெரியலை, காபி வெறும் வெந்நீர் மாதிரி இருக்குன்னாரு." அவள் நிறுத்தி மூச்சு வாங்கினாள். "உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாரு. 'நாலு மாசமா கழுவுறா. சொன்னா, எங்கயோ கோட்டை விட்டுட்டோம்னு உக்காந்து அழுவா. ரெண்டு நாள்ல சரியாயிடும், வாயைத் திறக்காதே'ன்னாரு. நான் திறக்கலை."

அவள் திறந்திருக்கவும் மாட்டாள். முப்பது வருஷம் ஊரின் சண்டையும் காதலும் சாவும் அவள் காது வழியாகத்தான் போயின. ஒன்றைக்கூட அடுத்த காதுக்கு அவள் கொண்டுபோனதில்லை. அவளுக்கென்று இருந்த ஒரே பெருமை அது.

"அப்போ தெரிஞ்சுக்கிட்டேதான் நல்லா இருக்குன்னாரா?"

"ஆமா அண்ணி."

முதலாளிக்காகக்கூட ஒரு புளித்த பழத்தை நல்லா இருக்கு என்று சொல்லாத வாய். அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாத்தனார் இரண்டு முறை கூப்பிட்டாள். மூன்றாவது முறை கூப்பிடவில்லை.

மகள் கூப்பிட்டபோது மணி மூன்று. சாத்திய கதவைத் திறந்துகொண்டு அவள் படியடிக்கு வந்தாள். நாத்தனார் ஒலியைக் கூட்டி, கைபேசியைக் கீழ்ப்படியில் வைத்துவிட்டு மறுபடி ஆறாவது படிக்கு ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் அடைத்துக் கிடக்கிறது, எப்படி வருவேன் என்று அந்தப் பெண் அழுதாள். அப்பா கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று கேட்டு அழுதாள். அழுது முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அவள் கேட்கக்கூடிய கேள்வியைக் கேட்டாள்.

"அம்மா, டாக்டர் ரெண்டு மூணு நாள் முன்னாடின்னாரே. வியாழக்கிழமைக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லையா? அத்தைகிட்டயாவது ஏதாவது சொன்னாரா?"

ஆறாவது படியில் நாத்தனார், மேலதிகாரி முன்னால் உட்காருகிற மாதிரி நேராக உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் முழங்கால்மேல். கண்ணால்கூட எதையும் கேட்டுக்கொள்ளவில்லை. கைபேசியிலிருந்து மகளின் மூச்சுச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"இல்லைடி" என்றாள் அவள். "யாருகிட்டயும் சொல்லலை."

"நல்லா யோசிச்சுப் பாரும்மா."

"யோசிச்சாச்சு. வியாழக்கிழமைதான். அதுக்கு முன்னாடி நல்லாத்தான் இருந்தாரு."

சரி என்றாள் மகள். எழுதிக்கொண்டாள் போலிருந்தது. பிறகு அம்மாவைச் சாப்பிடச் சொல்லிவிட்டு வைத்தாள்.

வெயில் இறங்கும் நேரத்தில் நாத்தனார் மொட்டைமாடிக்குப் போய், காலையில் காயப்போட்ட கட்டில் விரிப்பைக் கைநிறைய அள்ளிக்கொண்டு வந்தாள். ஆறாவது படியில் வந்து நின்றாள். விரிப்பின் ஒரு முனை கீழே தொங்கியது.

"அதைத் தனியா மடிக்க முடியாது" என்றாள் அவள். "இறங்கி வா."

நாத்தனார் ஒரு கணம் தயங்கினாள். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். கூடத்தின் இந்தக் கோடியில் ஒருத்தி, அந்தக் கோடியில் ஒருத்தி, ஆளுக்கு இரண்டு முனை. உதறினார்கள். ஒருத்தி இந்தப் பக்கம் மடிக்க, மற்றவள் அந்தப் பக்கம் மடிக்க, விரிப்பு முறுக்கிக்கொண்டது.

"வலப்பக்கம் அண்ணி."

"உன் வலமா, என் வலமா?"

நாத்தனார் முறுக்கைப் பிரித்தாள். மறுபடி முதலிலிருந்து பிடித்தார்கள். இம்முறை சரியாக வந்தது. நாத்தனார் முனைகளைத் தூக்கிப் பிடித்தபடி நடந்து வந்தாள், அவள் வாங்கிக்கொண்டாள். இன்னொரு மடிப்பு, அதன்மேல் இன்னொன்று. ஒவ்வொரு மடிப்புக்கும் நடக்க வேண்டிய தூரம் பாதியானது. இனி மடிக்க ஒன்றும் இல்லை என்றான பிறகும் இருவரும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.