முழங்கையில் ஒட்டிய குரோமோசோம்

அந்தக் காலத்தில் குரோமோசோம் பார்ப்பதென்றால் சும்மாவா! படம் பிடித்து, இருட்டறையில் கழுவி, நாற்பத்தாறையும் கத்தரிக்கோலால் வெட்டி, ஜோடி ஜோடியாக அட்டையில் ஒட்ட வேண்டும். மேசைக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் கத்தரி அண்ணன். வெட்டு அவ்வளவு சுத்தம், அதனால் அந்தப் பெயர். ஒருவர் ஒட்டியதை மற்றவர் எண்ணிப் பார்க்காமல் அறிக்கை வெளியே போகாது. அது அந்த ஆய்வுக்கூடத்து வழக்கம்.

ஒருநாள் எண்ணினால் நாற்பத்தைந்துதான் இருந்தது. தலைமை டாக்டர் தாம் தூம் என்று குதித்தார். இரண்டு பேரும் மேசைக்கடியில் தவழ்ந்து தேடினார்கள். கடைசியில் பார்த்தால், அந்தப் பொல்லாத துண்டு அண்ணனின் முழங்கையில் ஒட்டிக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து சாவி தொலைந்தாலும் சரி, பேனா தொலைந்தாலும் சரி, "முழங்கையைப் பாருங்கண்ணே" என்பாள். என்ன சிரிப்பு, என்ன சிரிப்பு!

இப்போது வெட்ட ஒன்றுமில்லை, கணினியே அடுக்கிவிடுகிறது. அண்ணன் ஓய்வு பெற்று நாலு வருஷமாகிறது. இன்று காலை கணினி அடுக்கிக் காட்டியது அவருடைய கழுத்துக் கட்டியில் எடுத்த செல்லை. நிணநீர்ப் புற்றுநோய் என்று போன வாரமே தெரியும். எந்த மருந்து என்று முடிவு செய்ய டாக்டர் இந்த அறிக்கைக்குத்தான் காத்திருக்கிறார். மத்தியானமாகியும் அவள் அனுப்பவில்லை. கை வரவில்லை, பாவி மகளுக்கு.

கதவைத் திறந்துகொண்டு அண்ணனே வந்து நின்றார், கையில் பழைய கத்தரிக்கோலோடு.

"என்ன தங்கச்சி, பிடிச்சு வெச்ச பிள்ளையாராட்டம் உட்கார்ந்திருக்கே? படத்தை அச்செடு. ரெண்டாவது ஆள் நான்தான்."

"வேண்டாண்ணே."

"எடுன்னா எடு."

நாற்பத்தாறையும் வெட்டி ஒட்டினார். வெட்டு இன்றும் பிசகவில்லை. எட்டாவது ஜோடியில் ஒன்று குட்டை. பதினாலாவதில் ஒன்று நெட்டை. எட்டின் வால் அறுந்து பதினாலில் போய்க் குந்தியிருந்தது. நோய் மூர்க்கமானது, சாதாரண மருந்துக்கு மசியாது என்று இப்போது அண்ணனுக்கும் புரிந்தது.

அண்ணன் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். பிறகு சட்டைக் கையை மடித்து, முழங்கையை அவள் பக்கம் நீட்டினார்.

"எட்டோட வால் இங்க ஒட்டியிருக்கா, பாரு."

அவள் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த மெலிந்த முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இல்லண்ணே."

"அப்போ அனுப்பு. டாக்டர் பெரிய மருந்தையே எடுக்கட்டும்."

ஒரு கையால் அனுப்பினாள். இன்னொரு கை அந்த முழங்கையை விடவில்லை.