தலைகீழ்க் கொக்கி

என் வீட்டுக்காரரோடு உட்கார்ந்து போர்ப்படம் பார்ப்பதற்கு, சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். மனிதர் ராணுவப் பட்டறையில் டாங்கி பழுது பார்த்தவர். திரையில் ஒரு டாங்கி தலைகாட்டினால் போதும், டிராக்டருக்குத் தகரம் கட்டி ஓட்டுகிறான் என்று ஆரம்பித்துவிடுவார். சக்கரம் எத்தனை இருக்க வேண்டும், சங்கிலி எப்படித் தொய்ய வேண்டும் என்று அடுக்குவார். கதாநாயகன் குண்டடிபட்டுக் கிடப்பான். இவர் பின்னால் நிற்கும் லாரியின் டயரைத் திட்டிக்கொண்டிருப்பார்.

இதையெல்லாம் ரசித்துக் கேட்கிற ஒரே ஆள் அக்காதான். என் ஓர்ப்படி, இவருடைய அண்ணன் மனைவி. எங்களோடுதான் இருக்கிறார்.

அந்த அண்ணன் டாங்கி ஓட்டியவர். ஒரு சண்டையில் அவருடைய வண்டி தீப்பிடித்தது. கூட இருந்தவர்கள் மேல்வழியாகக் குதித்துத் தப்பி வந்து, அவரும் குதித்திருப்பார் என்றார்கள். இடம் எதிரி கைக்குப் போய்விட்டதால் யாரும் போய்ப் பார்க்கவில்லை. ஆளைக் காணவில்லை என்று சொல்லிக் கைகழுவிவிட்டார்கள். 'குதித்திருப்பார்' என்ற அந்த ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டே அக்காவுக்குத் தலை நரைத்துவிட்டது. அவருடைய மோட்டார் சைக்கிள் எங்கள் வாசலில் நிற்கிறது. வந்தால் ஓட்ட வேண்டுமே என்று ஞாயிறுதோறும் இவர் அதை உதைத்துக் கிளப்பிக் கொஞ்ச நேரம் உறுமவிடுவார். அந்தச் சத்தம் எனக்கு எரிச்சலாக இருக்கும். நிறுத்தச் சொல்லவும் மனம் வராது.

போன வாரம் ஒரு மத்தியானம், டிவியில் பழைய படம். வந்ததெல்லாம் டிராக்டர்கள். இவருக்குக் கொண்டாட்டம். அது டாங்கி என்றால் தானும் தளபதிதான் என்றார். அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போது கதாநாயகன் ஓடிப்போய், எரிந்து கிடந்த ஒரு டாங்கியின் மறைவில் பதுங்கினான். அதன் முகப்பில் ஒரு கொக்கி, தலைகீழாக.

அந்தக் கொக்கி எங்கள் வீட்டில் பிரசித்தம். தன் டாங்கியில் தண்ணீர்க் கேன் மாட்ட வேண்டும் என்று அண்ணன்தான் கேட்டார். இவர் வண்டிமேல் குப்புறப் படுத்து, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெல்டிங் வைத்ததில் மேல் கீழாகிவிட்டது. வெட்டி எடுக்கிறேன் என்று கெஞ்சியும் அண்ணன் விடவில்லை. லீவில் வரும்போதெல்லாம், "தம்பி வச்ச கொக்கியில கேன் தொங்காது, வவ்வாலுதான் தொங்கும்" என்று மானத்தை வாங்குவார். வேறு எந்த டாங்கியிலும் அப்படி ஒரு கொக்கி இருக்காது.

சண்டை ஓய்ந்தபின் பழைய இரும்பாகக் கைமாறி, எங்கேயோ காயலான் கடையில் கிடந்ததைப் படக்காரர்கள் கொண்டுவந்து போட்டிருக்க வேண்டும்.

கொக்கிக்குப் பக்கத்தில், முன்னால் தனியாக உட்காரும் ஓட்டுநர் வெளியே வரும் மூடி. அது மூடியிருந்தது. பீரங்கிக் குழல் திரும்பி, அதன் மேலேயே வந்து நின்றிருந்தது. குழல் அங்கே நின்றால் உள்ளே இருப்பவரால் மூடியைத் தூக்க முடியாது. இவரேதான் எத்தனையோ படங்களில் அதைச் சுட்டிக்காட்டி எங்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறார்.

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தம்பி, இது?"

"டம்மி, அண்ணி."

அவ்வளவுதான் சொன்னார். சக்கரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, சங்கிலியைப் பற்றி இல்லை. அடப்பாவி மனுஷா, பொய்யை நம்பும்படி சொல்லத்தான் உனக்கு வாயில்லாமல் போயிற்றா என்று நினைத்தேன். அக்கா சரி என்றார். மூன்று பேரும் படத்தைக் கடைசிவரை பார்த்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை இவர் வழக்கம்போல மோட்டார் சைக்கிளின் உறையை எடுத்துவிட்டு உதைத்தார். முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது. அக்கா வாசலுக்கு வந்தார்.

"அணைச்சிடுங்க தம்பி."

சத்தத்தில் கேட்கவில்லை என்று இவர் கையைக் காட்டினார். கேட்டிருக்கும். அக்கா கிட்டே போய்ச் சாவியைத் தானே திருப்பினார். தெரு அமைதியாகிவிட்டது.

"குழல் மூடி மேலதான நின்னுச்சு?"

இவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமா அண்ணி" என்றார்.

"உள்ளேருந்து எவ்வளவு நேரம் தட்டியிருப்பாரு?"

இவர் உறையை எடுத்து வண்டிமேல் போட்டார். அதன் கயிற்றைக் கட்ட வரவில்லை. நான் போய்க் கட்டினேன்.