இன்னும் பச்சைதான்

"ஆறு, ஏழு, எட்டு. போதும். மூடியப் போடு. கையை ஆட்டாத, குப்பியை ஆட்டு," என்றார் அப்பா கட்டிலிலிருந்து.

மூத்தவள் குப்பியை ஆட்டினாள். மீன்தொட்டித் தண்ணீர் ஐந்து மில்லி. முதல் மருந்தில் எட்டுச் சொட்டு, இரண்டாவதில் எட்டுச் சொட்டு, அப்புறம் ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். மீன் கழிவால் ஊறும் விஷம் தண்ணீரில் இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் மஞ்சள். அப்பா கல்லூரி ஆய்வகத்தில் முப்பத்து மூன்று வருடம் உதவியாளராக இருந்து, சொட்டு எண்ணியே காலம் தள்ளியவர். தெருவில் அவர் பெயரே சொட்டு. நுரையீரல் கெட்டு, மூக்கில் குழாயோடு கூடத்தில் கிடக்கும்போதும் எண்ணுவதை விடவில்லை. ஆனால் இரண்டு கண்ணிலும் புரை. எதைப் பார்த்தாலும் மஞ்சளாகத் தெரிந்தது. அதனால் நிறம் பார்க்கிற வேலை மட்டும் மகளுக்கு.

"என்ன நிறம்?"

குப்பிக்குள் தெளிவான மஞ்சள். பதினோரு நாளாக அதே மஞ்சள்.

"இன்னும் பச்சைதாம்பா," என்றாள்.

கடல்மீன் வளர்க்கும் ஆசை அப்பாவுக்குப் பேத்தியால் வந்தது. இளையவளின் மகள், ஆறு வயது, வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன் வேண்டும் என்று ஃபோனில் ஒரே ஒரு தடவை கேட்டாள். தாத்தா அன்றைக்கே மீன்கடைக்காரரை வரவழைத்துவிட்டார். மூத்தவள் சமையலறைக்கு ஒரு மின்விசிறி வேண்டும் என்று பத்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அது வேறு கதை.

இரண்டடித் தொட்டி, மணல், ஓட்டை ஓட்டையான பாறைத் துண்டுகள், ஒரு மூட்டை உப்பு. வாளி வாளியாக உப்பைக் கரைத்து ஊற்றியது மூத்தவள். ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்கு ஈடாக நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று தெரியாமல், மறுபடி உப்புத் தண்ணீரை ஊற்றி வாங்கிக் கட்டிக்கொண்டதும் அவள்தான்.

"தண்ணி வத்தும், உப்பு வத்துமா? இதுகூடத் தெரியாதா? சின்னவளா இருந்தா ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செஞ்சிருப்பா."

தொட்டி வைத்த புதிதில் கடைக்காரர் சுண்டுவிரல் அளவில் ஒரு நீல மீனைக் கொண்டுவந்தார். "முதல்ல இதை விடுவோம் சார். என்ன ஆனாலும் தாங்கும். தொட்டி பழகுற வரைக்கும் இது கெடக்கட்டும், செத்தாலும் பரவால்ல. தண்ணி மஞ்சளானதும் நல்ல மீனா ரெண்டு கொண்டாரேன்."

அப்பா இருமிக்கொண்டே சிரித்தார். மூத்தவளைக் கண்ணால் காட்டி, "எங்க வீட்லயும் அப்படி ஒண்ணு இருக்கு," என்றார். எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் கடைக்காரர் மீனையே பார்த்தார்.

அது ஒன்றரை மாதத்துக்கு முன்பு. அப்போதே அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தண்ணீர் சரியான பிறகுதான் இளையவளும் குழந்தையும் வர வேண்டும். குழந்தை வாசல்படி ஏறும்போது தொட்டியில் மீன் நீந்த வேண்டும். மூச்சு வாங்குவதால் அவரால் ஃபோனில் பேச முடியாது. இளையவள் தினமும் காலையில் அக்காவைத்தான் கூப்பிட்டு, "வரட்டுமாக்கா?" என்று கேட்பாள். "அப்பா நல்லாத்தான் இருக்கார். தண்ணி இன்னும் சரியாகல. இப்ப வந்தா கோவிச்சுப்பார்," என்பாள் மூத்தவள்.

ஒருநாள் சாயங்காலம் அப்பா சொன்னார்: "அவங்க வந்ததும் நீ சமையல்கட்டோட இருந்துக்க. உன் உம்மணாமூஞ்சியப் பார்த்துக் குழந்தை மிரண்டுடும்."

அதற்கு மறுநாள்தான் குப்பியில் முதல்முறையாக மஞ்சள் வந்தது. அவள் எதையும் திட்டம் போடவில்லை. வாய் தானாகப் பச்சை என்றது. ஒரே ஒரு நாள், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள். பத்து நாளோ பதினைந்து நாளோதான், பார்க்க வேண்டியவர்களை வரச்சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதும் அந்த வாரம்தான். அதையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. தினமும் காலையில் அப்பா ஆசையோடு கேட்பதும், பச்சை என்றதும் அவர் முகம் தொங்கிப்போவதும் அவளுக்குப் பிடித்திருந்தது. காப்பியைவிட அதற்காகத்தான் எழுந்தாள்.

இன்றைக்கு அவர் முகம் தொங்கவில்லை. கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார்.

"சரி. நீ பார்த்தா சரியாத்தான் இருக்கும்."

"என்னப்பா?"

"சின்னவளா இருந்தா... ஆசைல மஞ்சள்னு சொல்லிருப்பா. நீ சொல்ல மாட்ட." மறுபடி மூச்சு வாங்கினார். "உன் கை நிதானமான கை. லேப்ல எனக்கு... உன்ன மாதிரி ஒருத்தர் வாய்க்கல."

நாற்பத்தேழு வயதில் அப்பாவிடமிருந்து அவளுக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை. அதுவும் இதற்கு.

குப்பியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள். எத்தனை வருடமாக இதைக் கேட்கக் காத்திருந்தாள்! போய்ச் சொல்லிவிட வேண்டும். இன்னொரு தடவை பார்த்தேன், மஞ்சளாகிவிட்டது என்று சொன்னால் போதும். இப்போதே கிளம்பினால் மத்தியானத்துக்குள் தங்கை வந்துவிடுவாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"அப்பா, இன்னொரு தடவ பார்த்தேன்..."

பிராணவாயு இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. குழாய் மூக்கில்தான் இருந்தது. நெஞ்சு எழவில்லை. கண்கள் தொட்டிப் பக்கம் திறந்திருந்தன.

"மஞ்சள்பா," என்றாள். தோளைப் பிடித்து உலுக்கினாள். "மஞ்சளாயிடுச்சுப்பா."

அந்த நேரத்துக்கு ஃபோன் அடித்தது. வழக்கமான அழைப்பு.

"வரட்டுமாக்கா?"

அப்பா போய்விட்டார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "கிளம்பி வா," என்று மட்டும் வந்தது.

"ஐயோ! தண்ணி சரியாயிடுச்சா?" பின்னால் குழந்தை கத்திக் குதிப்பது கேட்டது.

"ஆயிடுச்சு."

தங்கையின் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை என்று பிறகு தனக்கே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அது பொய். நாலு மணி நேரம் சிரித்துக்கொண்டே வரட்டும் என்றுதான் இருந்தது.

அப்படித்தான் வந்தார்கள். தெருவில் போட்டிருந்த நாற்காலிகளுக்கு நடுவே, ஆரஞ்சு மீன் படம் போட்ட சட்டையில், "தாத்தா, மீன் எங்க?" என்று கத்திக்கொண்டு குழந்தை முதலில் ஓடிவந்தது. பின்னால் பையோடு வந்த இளையவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அப்புறம் அவள் போட்ட சத்தத்தில் குழந்தையும் அழத் தொடங்கியது.

அப்பாவின் மேல் விழுந்து அழுதவள், எழுந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். "நான்தான் கொடுத்து வைக்கல. கடைசி வரைக்கும் நீ ஒருத்தி கூட இருந்தியேக்கா."

"பெத்த தாய்கூட இப்படிப் பார்த்துக்க மாட்டா," என்றாள் எதிர்வீட்டுக்காரி.

அடுத்த அரைமணியில் மீன்கடைக்காரர் வந்தார். வரும் வழியிலேயே இளையவள் அவரைக் கூப்பிட்டு மீன் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். கையில் இரண்டு பிளாஸ்டிக் பைகள், பைக்கு ஒரு ஆரஞ்சு மீன். கூட்டத்தைப் பார்த்ததும் பைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா இப்படி வந்திருப்பனா?"

"திருப்பி எடுத்துட்டுப் போய்யா," என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"பையில அவ்வளவு நேரம் காத்து இருக்காதுங்க. செத்துடும்."

"விடுங்க," என்றாள் இளையவள் மூக்கைத் துடைத்தபடி. "அப்பா ஆசைப்பட்டது."

அவர் பைகளைப் பிரிக்காமல் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டார். சூடு ஒத்துப்போகக் கால் மணி நேரம் வேண்டும். ஒரு கை தூரத்தில் அப்பா கிடந்தார். நீலமீன் கீழிருந்து பாய்ந்து பாய்ந்து பைகளை முட்டியது. சும்மா நிற்கக் கூச்சமாக இருந்ததோ என்னவோ, கடைக்காரர் தனக்குத் தெரிந்த தொழிலைப் பேசத் தொடங்கினார்.

"தண்ணி அருமையா வந்திருக்குங்க. கண்ணாடியில பழுப்புப் பாசி படிஞ்சு அதுவும் கழிஞ்சு போச்சு. இது மஞ்சளாகிப் பத்து பன்னெண்டு நாள் இருக்கும். சார் ஏன் இன்னும் கூப்பிடலன்னு நானே நினைச்சேன்."

"இன்னிக்குக் காலையிலதான் ஆச்சு," என்றாள் மூத்தவள்.

"இல்லீங்கம்மா." நல்ல மனிதர், சொல்லிக்கொடுக்கிற பிரியத்தோடு சொன்னார். "நேத்து வரைக்கும் பச்சையா இருந்திருந்தா இந்த நீலம் இப்படித் துள்ளுமா? மூச்சு வாங்கிட்டு மூலையில கெடக்கும்."

எதிர்வீட்டுக்காரி குழந்தைக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனாள்.

இளையவள் அப்பாவின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழுகை நின்றிருந்தது. நேற்று, முந்தாநாள் என்று உதடுகள் மட்டும் அசைந்தன. மடியில் கிடந்த வலது கையில் சுண்டுவிரலை மடக்கினாள். பிறகு அடுத்த விரலை. மூத்தவள் மிதக்கும் பைகளைப் பார்த்தபடி நின்றாள்.

ஐந்து விரலும் மடங்கியதும், இளையவள் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.