ஐஸ் ஊருக்குப் போக நல்ல மாதம்

சட்டை முதுகில் ஒட்டிக்கொள்கிற சித்திரை வெயிலில் ஒருவன் கம்பளிக் கோட்டைக் கொடியில் காயப்போட்டால், ஜமாலியா ஊரில் அதை யாரும் சும்மா பார்த்துவிட்டுப் போகமாட்டார்கள். றுக்கியா போகவில்லை. பக்கத்து வீட்டுக் குணேஸ்வரியின் வேலியோரம், முருங்கைக்காய் பறிக்கிற பாவனையில் நின்று, எதிர் வளவுக் கொடியில் கிடந்த கோட்டைப் பொத்தான் வரைக்கும் பார்த்து முடித்தாள். முழங்காலுக்குக் கீழே இறங்குகிற நீளம். கழுத்தைச் சுற்றி ஏதோ மிருகத்தின் மயிர்.

"இதைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போகேலாது" என்றாள் குணேஸ்வரி, குரலைத் தாழ்த்தி. "அப்ப எங்கையோ போறதுக்குத்தானே, அக்கா?"

எங்கே என்பது றுக்கியாவுக்குத் தெரியும். ஏன் என்பதுதான் தெரியாது. அது தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கோட்டுக்காரன் அபூதாஹிர், அவளுடைய மகள் அசனாவுக்குப் பேசி முடித்த மாப்பிள்ளை. நோர்வேக் கப்பலொன்றில் எஞ்சின் அறையில் வேலை செய்துவிட்டு, இப்போது உள்துறைமுகத்தில் இழுவைப் படகில் இருக்கிறான். அந்தக் கப்பலில் தீப்பிடித்த நாளில் ஓலாவ் என்ற எஞ்சினியரை அவன் தோளில் தூக்கி வெளியே கொண்டுவந்தானாம். அதற்கு நன்றியாக அந்த ஓலாவ், தன் நாட்டின் வடகோடியில், காட்டு நடுவில் இருக்கிற தன் மரவீட்டுக்கு விடுமுறைக்கு வரச்சொல்லியிருக்கிறான். டிக்கெட் அவன் பொறுப்பு. எந்த மாதம் என்று மட்டும் அபூதாஹிர் சொல்லியனுப்ப வேண்டும்.

இந்த 'எந்த மாதம்' என்பதில்தான் றுக்கியாவின் நெஞ்சு எரிந்தது. "மாசத்தை முடிவெடுத்துப்போட்டு நிக்காஹ் தேதியைப் பாப்பம்" என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டான். இங்கே மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவது வழக்கம். அதற்காக றுக்கியா தன் வளவிலேயே, தன் குசினி யன்னலைத் திறந்தால் மகளின் குசினி முழுசாகத் தெரிகிற மாதிரி ஒரு வீடு கட்டி, வெள்ளையடித்து, கதிரை அலுமாரி வரைக்கும் போட்டு வைத்திருக்கிறாள். மாப்பிள்ளை போன இடத்தில் தங்கிவிட்டால் அந்த வீடு யாருக்கு? அசனாவை ஊர் என்ன சொல்லும்? ஊர் என்ன சொல்லும் என்பது றுக்கியாவுக்கு நன்றாகத் தெரியும். இத்தனை காலமும் மற்றவர்களைப் பற்றி அதைச் சொல்லிவந்தவளே அவள்தானே.

"ஓலாவ் எண்டுறது ஆம்பிளைப் பேரோ, பொம்பிளைப் பேரோ?" என்று கேட்டாள் குணேஸ்வரி.

றுக்கியாவின் கையிலிருந்த முருங்கைக்காய் கீழே விழுந்தது.

*

விசாரிக்காமல் விடுவதில்லை என்று றுக்கியா முடிவெடுத்தாள். வெறுங்கையோடு போய் விசாரிக்க முடியுமா? ஒரு சில்வர் பாத்திரத்தில் வட்டிலப்பம் அவித்து, மூடிக்கு மேலே துணி கட்டி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு புறப்பட்டாள். வாசலில் அசனா தலையை நீட்டினாள்.

"உம்மா, போறதுதான் போறீங்க, அங்க எந்த மாசம் குளிர் குறைவு எண்டும் கேட்டுப் பாருங்க."

நல்ல கேள்வியாகத்தான் றுக்கியாவுக்குப் பட்டது. பொய்க்காரனாக இருந்தால் தடுமாறுவான்.

அபூதாஹிர் தடுமாறவில்லை. "யூன், யூலைதான் மாமி. கோட்டும் தேவையில்லை. சூரியன் மறையவே மாட்டுது, பாதி ராவிலயும் வெயில். டிசம்பரில சூரியன் எழும்பவே எழும்பாது. ஆனா வானத்தில பச்சைப் பச்சையா வெளிச்சம் திரைச்சீலை மாதிரி ஆடும்."

"ஏன் மகன், மனுசர் மக்கத்துக்குப் போவாங்க, நுவரெலியாவுக்குப் போவாங்க. நீங்க என்னத்துக்கு அந்த ஐஸுக்குள்ள?"

"பாக்கத்தான் மாமி. மான் கூட்டம் கூட்டமா வரும். மைல் கணக்கில ஆள் நடமாட்டமே இல்லை."

ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் ஒரு ஆம்பிளைக்கு என்ன வேலை? றுக்கியா அதை மனதில் முடிந்துகொண்டாள். ஓலாவைப் பற்றியும் கேட்டுவைத்தாள். தாடிக்காரனாம். சொல்கிறவர்கள் எதையும் சொல்லலாம்.

புறப்படும்போது அவனுடைய தாய் ஆமினா உம்மா பதறினாள். "பொறுங்க மச்சி, வெறும் பாத்திரம் குடுக்கக் கூடாது." குசினியில் தேடினாள், ஒன்றும் அகப்படவில்லை. அபூதாஹிர் உள்ளே போய் ஒரு பெரிய வெள்ளைக் கம்பளிநூல் பந்தைக் கொண்டுவந்து பாத்திரத்துக்குள் போட்டான். கப்பலில் போனபோது வாங்கியதாம். "அசனா ஏதும் பின்னட்டும்" என்றான்.

வட்டிலப்பத்துக்குப் பதிலாக ஆட்டு மயிர். வீடு வந்து அதை மகளிடம் எறிந்துவிட்டு, புருஷனிடம் முறையிட்டாள். அவர் ஸெய்னுதீன், கண்டிக்கு மீன் ஏற்றி அனுப்புகிறவர்.

"ஐஸுக்குள்ள நான் மீனைத்தான் அனுப்பிறனான்" என்றார் அவர். "பழுதாகாமல் போய்ச் சேருது. உன்ர மருமகனும் பழுதாகமாட்டான், விடு."

*

இரண்டாம் முறை பாத்திரத்தில் தொதல் இனிப்பு போனது. அசனா இந்த முறையும் ஒரு கேள்வி கொடுத்தனுப்பினாள்: "கடிக்கிற நுளம்பு இருக்குமா எண்டு கேளுங்க உம்மா."

"ஐயோ, அதை ஏன் கேக்கிறீங்க மாமி" என்று அபூதாஹிர் சிரித்தான். "யூலையில தம்பலகாமத்து வயல் நுளம்பு பிச்சை வாங்கோணும். ஆளைத் தூக்கிக்கொண்டு போயிடும்."

"அப்ப டிசம்பர்?"

"எனக்கு டிசம்பர் பிரச்சினையில்லை, நான் இருந்து பழகினனான். பழக்கமில்லாத ஆளுக்கு அந்தக் குளிர் ஏலாது."

பாத்திரத்தில் இன்னொரு நூல் பந்தோடு றுக்கியா நேரே குணேஸ்வரி வீட்டுக்குத்தான் போனாள்.

"பழக்கமில்லாத ஆள் எண்டு சொன்னவரோ?" குணேஸ்வரி பாக்கு வெட்டுவதை நிறுத்தினாள். "ஆராம் அந்த ஆள்?"

"அதுதானே!"

"தாயா இருக்குமோ?"

"ஆமினா உம்மாவா? அவ கிண்ணியாவுக்குப் பாதைப் படகில ஏறினாலே வாந்தி எடுக்கிறவ. நீ வேற."

  குணேஸ்வரிக்கும் பயம் பிடித்துக்கொண்டது.

மூன்றாம் முறை அசனா கொடுத்தனுப்பிய கேள்வியைக் கேட்டதும் றுக்கியாவுக்கு மகளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. அப்படியொரு பொறி அவளுக்கே தோன்றவில்லை. அந்த வருடம், எண்பத்தோராம் ஆண்டு, நோன்பு யூலையில் வந்தது. பாத்திரத்தை வைத்துவிட்டு, ஆமினா உம்மாவும் பக்கத்தில் இருக்கிற நேரம் பார்த்து அதைப் போட்டாள்.

"மகன், சூரியன் மறையாத ஊரில நோன்பை எப்ப திறக்கிறது?"

  ஆமினா உம்மா மகனைப் பார்த்தாள். இவ்வளவு நாளும் நுளம்பையும் குளிரையும் கணக்குப் பார்த்தவனுக்கு இது தட்டுப்படவேயில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"பிரயாணம் போறவங்க நோன்பைப் பிறகு பிடிக்கலாம்தான் மாமி..." தலையைச் சொறிந்தான். "ஆனா மஃரிப் தொழுகை எப்ப எண்டு தெரியாத இடத்துக்கு, நோன்பு மாசத்தில ஒராளைக் கூட்டிக்கொண்டு போறது சரியில்லை. யூலை வேணாம். செப்டெம்பர்தான் சரி. இரவும் பகலும் இங்க மாதிரியே சமனா வரும், அஞ்சு வக்துத் தொழுகையும் நேரத்துக்கு அமையும். நுளம்பும் செத்துப்போயிடும். காடு முழுக்கச் செவ்வரத்தம்பூ நிறத்தில இருக்கும். அந்தப் பச்சை வெளிச்சமும் தெரியத் தொடங்கும்."

காட்டின் நிறமெல்லாம் றுக்கியாவின் காதில் ஏறவில்லை. கூட்டிக்கொண்டு போகிறானாம். யாரை?

வீட்டுக்கு வந்து பாத்திரத்தை டங்கென்று வைத்தாள். அசனா யன்னலோரம் குனிந்து எதையோ பின்னிக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கிழமை தேதி குறிக்க வரட்டும். எல்லாருக்கும் முன்னால கேக்கிறன். சரியான பதில் இல்லாட்டி இந்தச் சம்பந்தம் வேணாம்."

"எந்த மாசமாம், உம்மா?"

"செப்டெம்பராம்! உனக்கு இப்ப மாசமா முக்கியம்?"

"ம். செப்டெம்பர் நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு அசனா மறுபடி பின்னத் தொடங்கினாள். பிள்ளைக்கு மனக்கஷ்டத்தில் மூளை பிசகிவிட்டது என்று றுக்கியா நினைத்துக்கொண்டாள்.

*

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஆட்கள் வந்தார்கள். விறாந்தையில் பாய் விரித்திருந்தது. பள்ளிவாசல் மரைக்கார் நடுவில் இருந்து, பெருநாள் கழிந்து ஓகஸ்டில் நிக்காஹ் என்றார். மாப்பிள்ளை செப்டெம்பரில் பயணம் போய் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னமே வந்துவிடுவார் என்றும் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். ஸெய்னுதீனும் ஆட்டினார்.

திரைச்சீலைக்குப் பின்னால் நின்ற றுக்கியாவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. முகத்தை மட்டும் வெளியே நீட்டினாள்.

"ஒரு நிமிஷம். நிக்காஹ் முடிஞ்ச கையோட பொண்டாட்டியை விட்டுப்போட்டு, ஆரைக் கூட்டிக்கொண்டு ஐஸுக்குள்ள போகப்போறார் எண்டு மருமகன் சொல்லட்டும். பழக்கமில்லாத அந்த ஆள் ஆர்?"

மரைக்காரின் கையில் வெற்றிலை அப்படியே நின்றது. அபூதாஹிர் நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் திருட்டு முழி எதுவும் இல்லை. ஒன்றும் விளங்காத முழிதான் இருந்தது.

"என்ன மாமி இது? அசனாவைத்தானே. டிக்கெட் ரெண்டு பேருக்கு. ஓலாவே 'உன்ர மனிசியோட வா' எண்டுதானே சொன்னவர்."

"ஆர் சொன்னது எனக்கு?"

"உங்களுக்குத் தெரியுமெண்டெல்லோ நினைச்சன். பாத்திரத்தோட வந்து ஒவ்வொரு தரமும் அசனாட கேள்வியை நீங்கதானே கேட்டீங்க."

"அது நான் கேட்டது!"

"நீங்க கேட்டது 'ஏன் போறீங்க, ஓலாவ் ஆர்' எண்டு. குளிருமா, நுளம்பு கடிக்குமா, நோன்பு எப்ப திறக்கிறது எண்டு போற ஆள்தான் மாமி கேக்கும்."

திரைக்கு இந்தப் பக்கம் ஆமினா உம்மா றுக்கியாவின் முழங்கையைப் பிடித்தாள். "பொண்ணு பாக்க வந்த அண்டைக்கே குசினியில வச்சு அசனாட்ட சொல்லிட்டன் மச்சி. 'விருப்பமா, எந்த மாசம் வசதி' எண்டு கேக்கச் சொன்னதே இவன்தான். உங்களுக்கு அவ சொல்லுவா எண்டு இருந்தன். நீங்க எல்லாத்தையும் கேட்டீங்க. எத்தினை பேர் எண்டு மட்டும் கேக்கேல்லை."

றுக்கியா திரும்பினாள். குசினி வாசலில் அசனா நின்றாள். அந்த வேகுகிற வெயிலில், இரண்டு கையிலும் வெள்ளைக் கம்பளிக் கையுறை. அளவு சரியா என்று போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவள், கழற்ற மறந்துபோய் ஓடிவந்திருக்கிறாள்.

"சொன்னா விடமாட்டீங்களே உம்மா" என்றாள்.

விடமாட்டாள்தான். பெண்பிள்ளை கலியாணம் முடித்தும் தாயின் வளவை விட்டுப் போகாத ஊரில், முதல் மாதமே உலகத்தின் நுனிக்கு அனுப்புகிற தாய் எவள்? ஆனால் மாதத்தைத் தேடி, அலசி, சுமந்து கொண்டுவந்து சேர்த்ததே அவள்தான். விறாந்தையில் ஸெய்னுதீன் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவதும் அவளுக்குத் தெரிந்தது.

"செப்டெம்பர் சரி" என்றாள் றுக்கியா, திரைச்சீலையை இழுத்து மூடியபடி. "நோன்பை யோசிச்சு நான்தான் அந்த மாசத்தைத் தெரிவு செஞ்சனான். எழுதுங்க."

அடுத்த நாளே குணேஸ்வரிக்கும் அப்படித்தான் சொன்னாள். குணேஸ்வரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "போறது சரி அக்கா, திரும்பி வருவினமோ?" என்றாள்.

அந்தக் கேள்வி செப்டெம்பர் வரைக்கும் றுக்கியாவை விடவில்லை. ஓலாவ் தாடிக்காரனாகவே இருக்கட்டும். பச்சை வெளிச்சத்தைப் பார்த்து மயங்கி, மான்களோடு அங்கேயே இருந்துவிட்டால்? புது வீட்டு யன்னலை யார் திறப்பது?

பயணம் போகிற காலையில், கொழும்பு பஸ்ஸுக்கு வெளிக்கிட்டு நின்றவர்களிடம் அவள் ஒரு பாத்திரத்தை நீட்டினாள். அதே சில்வர் பாத்திரம். மூடியில் அவளுடைய பெயர் புள்ளிப் புள்ளியாக வெட்டியிருந்தது. உள்ளே அந்தத் தாடிக்காரனுக்கு மஸ்கட் இனிப்பு.

"இதைத் திருப்பித் தரோணும்" என்றாள் அபூதாஹிரிடம். "வேற பாத்திரம் வாங்கித் தந்து என்னை ஏமாத்தேலாது. பேர் வெட்டியிருக்கு."

அவன் மூடியைத் தடவிப் பார்த்தான். அவனும் இந்த ஊர்க்காரன்தான். பலகாரத்தோடு வந்த பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டிருக்கிற குடும்பம் ஜமாலியாவில் இல்லை.

"வெறும் பாத்திரமாத் தரமாட்டம் மாமி."

"என்னத்தைப் போட்டுத் தாறீங்க எண்டு பாக்கத்தானே போறன்" என்றாள் றுக்கியா. பஸ் தெருமுனையில் திரும்பி மறைகிறவரைக்கும், பாத்திரம் அசனாவின் மடியில்தான் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.